கோட்டுக்கு அந்தப் பக்கம்



இன்று மாலை ஓர் எல்லைப்புறத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கு மூலையில் இருப்பது அல்சாஸ். அதற்கு மேலே, ஒட்டினாற்போல் கிடப்பது ஜெர்மனியின் ஃபால்ஸ் வட்டாரம். இரண்டுக்கும் நடுவே காடு. காட்டுக்குள்ளே செம்பாறைகள். பாறைகளின் தலைமேல் கோட்டைகள். அந்தக் கோட்டைகளை ஊடறுத்துக்கொண்டு ஒரு தேச எல்லை போகிறது. அந்தக் காட்டிலிருந்து லவ்ட்டர் என்றொரு சிற்றாறு இறங்குகிறது. ஜெர்மனியில் பிறந்து, பிரான்ஸின் விஸ்ஸம்பூர் என்ற பழைய ஊருக்குள் புகுந்து, அதற்குப் பிறகு தானே எல்லைக்கோடாக நீண்டு ஓடி, ரைன் நதியில் கலக்கிறது.

எல்லை என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி, தாண்டக் கூடாத இடம். லவ்ட்டர் கரையில் இன்று அவை எதுவும் இல்லை. ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் அத்தனையையும் பார்த்தவர்கள். நம்மவர்கள் ஐரோப்பா போனால் பாரிஸைப் பார்க்கிறார்கள், ரோமைப் பார்க்கிறார்கள், சுவிஸ் பனியைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஒரு நாட்டின் தலைநகரம் அந்த நாடு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதைச் சொல்லும். அந்த நாடு பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எல்லைப்புறத்துக்குத்தான் போக வேண்டும்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அங்கே எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு பாதிதான் உங்கள் கண்முன் இருக்கும். மறுபாதி எங்கே? கோட்டுக்கு அந்தப் பக்கம். கோட்டை இந்தப் பக்கம் இருந்தால் அதன் கதை அந்தப் பக்கம் உலவும். ஒயின் இந்தப் பக்கம் இருந்தால் அதன் திராட்சைக்கொடி அந்தப் பக்கம் படர்ந்திருக்கும். ஒரு கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதிக் கதையோடு திரும்புகிறார். இரு கரையையும் பாருங்கள், கூடுமானால் ஒரே நாளில் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் மண்ணிலிருந்து தொடங்குவோம்.

அந்த வட்டாரம் முழுவதும் செம்மணற்கல். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகிக் கல்லானது. இரும்புச்சத்து அதற்குச் சிவப்பைக் கொடுத்தது. மழையும் காற்றும் அரித்தரித்து, இளகிய அடுக்குகள் உதிர, கெட்டியான அடுக்குகள் நிற்கின்றன. அதனால் காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு பாறை சுவராக எழுந்து நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் மேனியெங்கும் தேன்கூட்டைப் போன்ற குழிகள். விரலால் தேய்த்தால் சிவப்பு மணல் கையோடு வரும். அந்த மண் மணற்பாங்கானது, சத்தில்லாதது, விவசாயத்துக்கு ஆகாதது. அதனால்தான் காடு பிழைத்தது. பீச், ஓக், பைன் மரங்கள் மலைக்கு மலை தொடர்ந்து போகின்றன. பிரான்ஸ் பக்கம் அதற்கு வடக்கு வோஜ் என்று பெயர், ஜெர்மனி பக்கம் ஃபால்ஸ் காடு என்று பெயர். மரங்களுக்கு அந்த வேறுபாடு கிடையாது. 1998இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து, எல்லை கடந்த ஒரே உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது.

இப்படி ஒரு பாறை கையில் கிடைத்தால் இடைக்காலத்துப் பிரபு என்ன செய்வான்? அதன்மேல் கோட்டை கட்டுவான். கட்டுவதோடு நிற்கவில்லை, பாறையையே குடைந்தான்.

ஃப்ளெக்கன்ஸ்டைன் கோட்டையைச் சொல்கிறேன். பிரான்ஸ் பக்கம், லெம்பாக் என்ற ஊருக்கு அருகே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 90 மீட்டர் நீளமும் 30 மீட்டர் உயரமும் சில மீட்டரே அகலமும் கொண்ட ஒற்றைப் பாறை அது. தூரத்திலிருந்து பார்த்தால் எது பாறை, எது கட்டடம் என்று சொல்ல முடியாது. உள்ளே போங்கள். படிக்கட்டு பாறைக்குள் செதுக்கப்பட்டிருக்கிறது. அறைகள் பாறைக்குள் குடையப்பட்டிருக்கின்றன. மழைநீரைத் தேக்கும் தொட்டியும் பாறைதான். சுவரில் உளி விழுந்த தடங்கள் வரிவரியாக இன்னும் தெரிகின்றன. கையை வைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் ஒரு சதுரக் கோபுரத்தைப் பாறையோடு ஒட்டி எழுப்பி, அதற்குள் கீழிருந்து பாரம் ஏற்றும் பொறியை வைத்திருந்தார்கள். படிகளில் ஏறும்போது நான் மேலே பார்க்கவில்லை, கீழேதான் பார்த்தேன். எத்தனையோ தலைமுறைக் கால்கள் மிதித்து, ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருக்கிறது.

ஏன் இத்தனை கோட்டைகள்? ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றைப் பார்த்தால் அங்கேயும் ஓர் இடிபாடு தெரிகிறதே, ஏன்? 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதி ஹோஹன்ஸ்டவ்ஃபன் பேரரசர்களின் மையப்பகுதி. வடக்கே ட்ரிஃபெல்ஸ் கோட்டையில் பேரரசின் மணிமுடியும் செங்கோலும் இருந்த காலம் உண்டு. இங்கிலாந்தின் அரசர் ரிச்சர்ட், சிங்க நெஞ்சன் என்று பெயர் பெற்றவர், 1193இல் சில வாரங்கள் சிறையிருந்ததும் அங்கேதான். பேரரசின் பிடி தளர்ந்ததும் நிலம் துண்டு துண்டானது. மடத்துக்கு ஒரு துண்டு, பிஷப்புக்கு ஒரு துண்டு, பிரபுவுக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் காவலாக ஒரு கோட்டை. ஆக, கோட்டைகள் மலிந்த இடம் வலுவான ஆட்சி இருந்த இடம் என்று எண்ணிவிடாதீர்கள். யார் கை ஓங்கியது என்று முடிவாகாத இடம் அது. பின்னர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதினான்காம் லூயியின் படைகள் வந்து, ஃப்ளெக்கன்ஸ்டைன் உட்படப் பலவற்றைத் தகர்த்தன. இன்று நாம் பார்ப்பது அந்த மிச்சம்.

ஃப்ளெக்கன்ஸ்டைனிலிருந்து ஒரு நடைபாதை கிளம்புகிறது. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் நடக்க வேண்டிய பாதை. காட்டுக்குள் ஏறி, லோவன்ஸ்டைன் என்ற இடிபாட்டைத் தாண்டி, ஹோஹன்பூர் கோட்டைக்குப் போகிறது. இம்மூன்றும் பிரான்ஸில் இருக்கின்றன. ஹோஹன்பூரிலிருந்து இறங்கிச் சற்று நடந்தால் பாதையோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். பாசி படர்ந்திருக்கும். அதுதான் எல்லைக்கல்! அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் வேகல்ன்புர்க், 570 மீட்டருக்கு மேல் உயரம், ஃபால்ஸ் வட்டாரத்திலேயே உயரத்தில் இருக்கும் கோட்டை. அது ஜெர்மனியில் இருக்கிறது. அரை நாளில் நான்கு கோட்டைகள், இரண்டு நாடுகள். எந்தக் கோட்டையைக் கட்டியவனுக்கும் இந்தக் கோடு தெரியாது. வேகல்ன்புர்க் உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால் எது பிரான்ஸ், எது ஜெர்மனி என்று நமக்கும் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் காடுதான்.

இப்போது ஒரு மனிதரின் கதைக்கு வருகிறேன். இந்த உரையில் நான் மிகவும் விரும்பிச் சொல்லப்போவது இதைத்தான்.

ஜெர்மனி பக்கம் எர்லன்பாக் என்ற கிராமத்துக்கு மேலே பெர்வார்ட்ஸ்டைன் என்றொரு கோட்டை. தீயில் எரிந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் ஆள் குடியிருக்கும் கோட்டை. அதன் கிணறு பாறையைக் குடைந்து 104 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. பழைய காலத்தில் உள்ளே போக ஒரே வழிதான்: பாறைக்குள் செங்குத்தாகப் பிளந்த, ஒரு நேரத்தில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய துளை. மேலே ஒருவன் நின்றால் போதும், கீழே ஒரு படையே வந்தாலும் ஏற முடியாது.

1480இல் இந்தக் கோட்டை ஹான்ஸ் ஃபான் ட்ரோட்டா என்ற வீரரின் கைக்கு வந்தது. கொடுத்தவர் ஃபால்ஸ் நாட்டின் ஆட்சியாளர் பிலிப். கோட்டையைச் சேர்ந்த நிலபுலன்கள் தங்களுடையவை என்றார்கள் விஸ்ஸம்பூர் மடத்தார். கொடுக்க முடியாது என்றார் ஹான்ஸ். வழக்கு முற்றியது. ஹான்ஸ் என்ன செய்தார் தெரியுமா? வாளை எடுக்கவில்லை. ஆற்றை எடுத்தார். விஸ்ஸம்பூருக்குப் போகும் லவ்ட்டர் ஆற்றைக் காட்டுக்குள் போபன்டால் அருகே அணை போட்டு மறித்தார். கீழே ஊருக்குத் தண்ணீர் இல்லை, ஆலைச் சக்கரம் நின்றது, தொழில் படுத்தது. மடத்துத் தலைவர் முறையிட்டார். சரி, தண்ணீர்தானே வேண்டும் என்று, தேங்கிய நீரோடு அணையை உடைத்துவிட்டார் ஹான்ஸ். வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது.

மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நடுவே நடக்கும் வழக்கு நமக்குப் புதிதல்லவே! தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் இந்தக் கதையை எனக்கே விளக்கிச் சொல்வார்கள்.

மடம் விடவில்லை. வழக்கு பேரரசர் வரை போனது, போப்பாண்டவர் வரை போனது. ஹான்ஸ் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். அசரவில்லை. 1503இல் தம் கோட்டையிலேயே இறந்தார். அருகிலுள்ள ஒரு சிறு தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கோட்டைக்கு எதிரே உள்ள குன்றில் அவர் எழுப்பிய காவல் கோபுரமும் நிற்கிறது. வரலாறு இத்தோடு முடிந்தது.

முடிந்ததா? ஜெர்மனி பக்கம் மட்டும் போனவருக்கு முடிந்தது. மறுபாதி எங்கே? கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எந்த ஊரின் தண்ணீரை மறித்தாரோ அந்த ஊர் அவரை மறக்கவில்லை. அல்சாஸில் அவர் ஹான்ஸ் ட்ராப் ஆனார். பிள்ளைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டி ஆனார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் விஸ்ஸம்பூர் தெருக்களில் ஊர்வலம் வரும். முன்னால் வெண்ணுடையில், தலையில் மெழுகுவர்த்திகள் சூடிய ஒரு பெண், பிள்ளைகளுக்குப் பரிசு தருபவள். கூடவே கரிபூசிய முகமும் நீண்ட தாடியும் கம்பளித் தோலுமாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஹான்ஸ் ட்ராப். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன் என்பது அவர் மிரட்டல். கோட்டை ஒரு நாட்டில், பூச்சாண்டி இன்னொரு நாட்டில்! ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தண்ணீர்ச் சண்டை, எந்த ஆவணத்தையும் படிக்காத பிள்ளைகளின் நெஞ்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாட்டார் நினைவு எதைக் கைவிடாது என்று கேட்டால் நான் இந்த ஊர்வலத்தைத்தான் காட்டுவேன்.

அதே பள்ளத்தாக்கில், அதே தண்ணீருக்கு இன்னொரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1949இல் விஸ்ஸம்பூரை ஒட்டிய ஜெர்மன் காட்டில் ஏறக்குறைய ஏழு சதுர கிலோமீட்டரை, முன்டாட் காடு என்பார்கள், பிரான்ஸ் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. விஸ்ஸம்பூரின் குடிநீர் ஊற்றுகள் அந்தக் காட்டில்தான் இருக்கின்றன. 1986இல்தான் அந்தக் காடு மறுபடி ஜெர்மனிக்கு வந்தது. பேச்சுவார்த்தையால் வந்தது, ஒப்பந்தத்தால் வந்தது, ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் வந்தது.

இன்னும் கேளுங்கள். ஹான்ஸ் அணை போட்ட இடத்துக்குக் கிட்டவே, சாங்ட் கெர்மன்ஸ்ஹோஃப் என்ற சின்னஞ்சிறு எல்லைச் சாவடி இருந்தது. 1950 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 300 மாணவர்கள் அந்தச் சாவடியின் இரு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். எல்லைத் தடுப்பு மரங்களைப் பிடுங்கினார்கள், குவித்தார்கள், கொளுத்தினார்கள். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள்! எதிரெதிராகப் போரிட்ட நாடுகளின் பிள்ளைகள் அவர்கள். எல்லைச் சோதனைகளை நீக்க வழிசெய்த ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தாக அதற்குப் பிறகு 35 ஆண்டுகள் ஆயின. இன்று அந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாவடி இல்லை, தடுப்பு மரம் இல்லை.

விஸ்ஸம்பூருக்குள் வருவோம். ஊர் சிறியது. லவ்ட்டர் பல கிளைகளாகப் பிரிந்து வீடுகளின் அடியை நனைத்துக்கொண்டு போகிறது. 15ஆம் நூற்றாண்டில் கட்டிய உப்புக் கிடங்கின் கூரை வளைந்து நெளிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் காற்றுப்போக்கி ஜன்னல்களோடு கிடக்கிறது. மடத்தின் பெரிய தேவாலயம் இருக்கிறது. இந்த மடத்தில்தான் 9ஆம் நூற்றாண்டில் ஓட்ஃப்ரீட் என்ற துறவி இருந்தார். கற்றவர்கள் லத்தீனில் மட்டுமே எழுதிய காலத்தில், இயேசுவின் வரலாற்றைத் தம் மக்கள் பேசிய பழைய ஜெர்மன் மொழியில் பாடினார். அடியின் இறுதிச் சொற்கள் ஒலியால் இயையும்படி நெடுங்காப்பியம் பாடிய, பெயர் தெரிந்த முதல் ஜெர்மன் கவிஞர் அவர். எதுகையும் இயைபும் கேட்டுக் கேட்டு வளர்ந்த செவி நம்முடையது. அந்தத் துறவியின் துணிவு நமக்கு உடனே புரியும். ஜெர்மன் கவிதையின் வாசற்படிகளில் ஒன்று, இன்று பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. மறுபாதி என்று நான் சொல்வது இதைத்தான்.

ஊரிலிருந்து நடந்தே ஜெர்மனிக்குப் போகலாம். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். ஷ்வைகன் என்ற ஜெர்மன் கிராமத்து விவசாயிகளின் தோட்டங்களில் பல பிரெஞ்சு மண்ணில் இருக்கின்றன. கொடி பிரான்ஸில், பீப்பாய் ஜெர்மனியில். அந்த ஒயின் ஜெர்மன் ஒயினாகவே விற்பனையாகிறது. அரசுகள் எல்லைக்கோட்டை நகர்த்தின. வேரை நகர்த்த முடியவில்லை.

நண்பர்களே, இதுவரை அழகைச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது வலியை. அதைச் சொல்லாமல் இந்த மண்ணைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

1870 ஆகஸ்ட் 4. பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரின் முதல் பெரும் சண்டை விஸ்ஸம்பூரில் நடந்தது. அந்தப் போரின் முடிவில், 1871இல், அல்சாஸ் ஜெர்மனியிடம் போனது. 1918இல் பிரான்ஸிடம் வந்தது. 1940இல் ஹிட்லர் பறித்தார். 1945க்குள் மறுபடி பிரான்ஸ். வீட்டைவிட்டு நகராமல் ஒரு கிழவி நான்கு முறை நாடு மாறினாள். நாஜிகள் காலத்தில் பிரெஞ்சு பேசினால் குற்றம், பிரெஞ்சுத் தொப்பி போட்டால் குற்றம். போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். வீட்டுப் பேச்சு இரண்டு முறையும் தெருவில் தலைகுனிந்து நின்றது.

விஸ்ஸம்பூருக்குத் தெற்கே ஹுன்ஸ்பாக் என்ற கிராமம். வெள்ளையடித்த சுவர், கரிய மரச்சட்டம், ஜெரேனியம் தொங்கும் ஜன்னல். அந்த ஜன்னல்களில் சில பழைய கண்ணாடிகள் வெளிப்பக்கம் குவிந்தவை. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. 2020இல் பிரெஞ்சு மக்கள் தங்கள் மனத்துக்கு உகந்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனை அமைதியான ஊருக்குப் பக்கத்திலேயே, பூமிக்கு அடியில், மாஜினோ அரண்வரிசையின் ஷோனன்பூர் கோட்டை கிடக்கிறது. ஜெர்மனியைத் தடுக்க 1930களில் பிரான்ஸ் கட்டியது. சுமார் 30 மீட்டர் ஆழம், கிலோமீட்டர் கணக்கில் சுரங்கப்பாதை, உள்ளே சமையலறை, மருத்துவமனை, மின்நிலையம், குண்டுகளை ஏற்றிச்செல்லத் தண்டவாளம். எந்தக் கோடையிலும் உள்ளே குளிரும். சட்டை ஒன்று கூடுதலாகக் கொண்டு போங்கள். 1940இல் விமானங்களும் பெரும்பீரங்கிகளும் இதை வாரக்கணக்கில் தாக்கின. கோட்டை விழவில்லை. பாரிஸ் விழுந்தது, அரசு விழுந்தது, போர்நிறுத்தம் வந்தது. அதன்பிறகு மேலிடத்து உத்தரவின்பேரில் ஜூலை 1ஆம் நாள் இதைக் கையளித்தார்கள். இதன் மறுபாதியும் அந்தப் பக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டைன்ஃபெல்ட் கிராமத்து வயல்களில், டாங்கிகளைத் தடுக்க ஹிட்லர் காலத்தில் நட்ட கான்கிரீட் பற்கள் வரிசை வரிசையாகப் பாசிபிடித்து நிற்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஒருவர் பயம் இன்னொருவர் பயத்தை எப்படி வளர்த்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

1939 செப்டம்பரில் எல்லைக் கிராமங்களை ஒரே மூச்சில் காலிசெய்தார்கள். கையில் எடுத்தது மட்டும் மிச்சம். ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு ரயிலேறினார்கள், பிரான்ஸின் தென்மேற்குக்கு. ஜெர்மனி பக்கத்துக் கிராமங்களும் அப்படியே காலியாயின. 1942 ஆகஸ்டிலிருந்து அல்சாஸ் இளைஞர்களையும் பக்கத்து மொசெல் இளைஞர்களையும் நாஜிகள் கட்டாயமாகத் தங்கள் படையில் சேர்த்தார்கள். சுமார் 1,30,000 பேர். ஓடிப்போனால் குடும்பத்தைத் தண்டித்தார்கள். பெரும்பாலோர் ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க் நகரின் குடியரசுச் சதுக்கத்தில் 1936இல் திறந்த போர் நினைவுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு தாய். அவள் மடியில் சாய்ந்து இரண்டு மகன்கள் உயிர்விடுகிறார்கள். இருவர் உடலிலும் சீருடை இல்லை. ஒருவன் பிரான்ஸுக்காகச் செத்தான், ஒருவன் ஜெர்மனிக்காகச் செத்தான். எவன் எவன் என்று சிற்பி காட்டவில்லை. பிரான்ஸின் மற்ற ஊர்களில் நாட்டுக்காக உயிர்நீத்தவர்கள் என்று பொறித்திருக்கும். இங்கே நம் இறந்தோருக்கு என்பதோடு நின்றுவிட்டது. நான் பார்த்த போர் நினைவுச்சின்னங்களில் இதைவிட நேர்மையானது வேறில்லை.

இரு நாடுகள் மாறி மாறி ஆண்டதில் அழிந்தவை உண்டு. ஒட்டிக்கொண்டவையும் உண்டு. பிரான்ஸின் பெரும்பகுதியில் இரட்டைத் தண்டவாளத்தில் ரயில் இடப்பக்கம் ஓடும்; அல்சாஸில் வலப்பக்கம் ஓடும். ஜெர்மானியர் ஆண்டபோது அமைத்தது. பழைய எல்லை இருந்த இடத்தில் ஒரு தடம் மற்றொன்றின்மேல் பாலமேறிப் பக்கம் மாறுகிறது. புனித வெள்ளியும் டிசம்பர் 26ஆம் நாளும் இங்கே விடுமுறை. பிரான்ஸின் பெரும்பாலான மற்ற பகுதிகளுக்குக் கிடையாது. 1905இல் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் போட்டபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது. ஆகவே இன்றும் இங்கே பாதிரியாருக்கும் யூத ரபிக்கும் அரசே சம்பளம் தருகிறது. பிஸ்மார்க் காலத்து மருத்துவக் காப்பீட்டு முறையை மக்கள் விடாப்பிடியாக வைத்துக்கொண்டார்கள். நல்லது எந்த ஆட்சியில் வந்தாலும் நல்லதுதான் என்ற தெளிவு அது.

மறுபடி காட்டுக்குப் போவோம். ஃபால்ஸ் காட்டில் லின்க்ஸ் என்ற விலங்கு இருந்தது. குட்டை வால், காது நுனியில் கருமயிர்க் கொத்து, நாயளவு உயரம் கொண்ட காட்டுப்பூனை இனம். வேட்டையாடியே ஒழித்துவிட்டார்கள். 2016க்கும் 2020க்கும் இடையே ஸ்லோவாக்கியாவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் 20 லின்க்ஸ்களைக் கொண்டுவந்து ஜெர்மனி பக்கம் விட்டார்கள். குட்டிகள் பிறந்தன. சில எல்லை தாண்டி வோஜ் காட்டுக்குள் போயின. ஒரு நாடு மட்டும் காப்பாற்றிப் பயனில்லை என்று இரு நாட்டு வனக்காரர்களுக்கும் தெரியும். பாறைகளில் பொரிவல்லூறு கூடுகட்டுகிறது. பூச்சிமருந்தால் ஏறக்குறைய மறைந்தே போன பறவை அது. இப்போது அது முட்டையிடும் பருவத்தில் அந்தந்தப் பாறையில் ஏறக் கூடாது என்று பலகை வைக்கிறார்கள், மலையேறுவோரும் மதிக்கிறார்கள். போர்க்காலத்துப் பதுங்குகுழிகளின் இடிபாடுகளில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

பாதைகளைப் பராமரிப்பதும் மக்களே. க்ளப் வோஜியன் என்ற நடைச் சங்கம் 1872இல் தொடங்கியது. ஜெர்மன் ஆட்சியில் பிறந்து இன்று பிரெஞ்சுச் சங்கமாக இருக்கிறது. மரத்துக்கு மரம் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று அவர்கள் வைத்த குறிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. ஜெர்மனி பக்கம் நடந்து களைத்தவருக்குக் காட்டுக்குள்ளே குடில்கள் உண்டு. சங்கத்துத் தொண்டர்களே சமைத்துப் பரிமாறும் நீண்ட மேசைகள். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மேனியெங்கும் குழி போட்ட அரை லிட்டர்க் கண்ணாடிக் குவளையில் ஒயினும் சோடாவும் கலந்து வரும். ஒரே குவளை மேசையைச் சுற்றிக் கைமாறும். நான் திராட்சைச் சாறு குடித்தேன். அதுவும் அதே குவளையில்தான் வந்தது. இந்தக் குடில் வழக்கத்தை 2021இல் ஜெர்மனி தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சாப்பாட்டை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அப்பளம்போல மெல்லிய மாவில் புளித்த பாலேடும் வெங்காயமும் பரப்பி, விறகடுப்பின் கடுந்தீயில் வாட்டி எடுப்பார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டும் சேரும். வேண்டாமென்றால் சொன்னால் போதும். இரு கரையிலும் அதே பண்டம், அதே சுவை.

ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனுக்கு நெருக்கமான அல்சாஸ் பேச்சுமொழி மெலிந்துகொண்டு போகிறது. தாத்தா பேசுகிறார், மகனுக்குப் புரிகிறது, பேரனுக்கு அதுவும் இல்லை. விஸ்ஸம்பூர் சந்தையில் முதியவர்கள் மட்டும்தான் அதில் விலை கேட்கிறார்கள். அந்த மொழி போய்விட்டால் பக்கத்து ஜெர்மன் கிராமத்தாரோடு பேச நாளைக்கு இரு கரையாரும் ஆங்கிலத்தைத் தேட வேண்டியிருக்கும். காவலர்கள் பிரித்தபோதும் பேசிக்கொண்டவர்கள், காவலர் போன பிறகு பேச்சற்று நிற்கலாமா? இருமொழிப் பள்ளிகளை ஊர்க்காரர்கள் நடத்துகிறார்கள். போதவில்லை என்றாலும் நடத்துகிறார்கள்.

போக விரும்பும் இளைஞர்களுக்கு: ஒரே ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து விஸ்ஸம்பூருக்கு ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜெர்மனியிலிருந்து வருபவர் விண்டன் நிலையத்தில் மாறி வரலாம். மே முதல் அக்டோபர் வரை நல்ல பருவம். அக்டோபரில் போனால் செஸ்ட்நட் உதிரும், புது ஒயின் வரும். கோட்டைகளுக்குப் பேருந்து அரிது, சைக்கிளோ காரோ வேண்டும். ஈரத்தில் மணற்கல் வழுக்கும், நல்ல காலணி போடுங்கள். பூச்சாண்டி ஊர்வலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் போங்கள், கம்பளியோடு போங்கள். முதல் நாள் பெர்வார்ட்ஸ்டைன் கோட்டையைப் பார்த்துவிட்டு, லவ்ட்டர் கரையோடு இறங்கி, சாங்ட் கெர்மன்ஸ்ஹோஃப் வழியாக விஸ்ஸம்பூருக்குள் போங்கள். தண்ணீர் போகிற வழி அதுதான்.